கிருமிக்குப் பெயர் தெரிவதற்கு முன்: விலங்குவழி பாக்டீரியாக்களும் ஆய்வகப் பாதுகாப்பின் ஆதாரங்களும்

ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு அங்கேயே நோய் தொற்றிவிட்டது என்று கேள்விப்பட்டால், கண்ணாடிக் குழாய் உடைந்திருக்கும், ஊசி குத்தியிருக்கும், ஏதோ கவனக்குறைவு நடந்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1951-இல் அமெரிக்காவில் சல்கின், பைக் என்ற இருவர் சுமார் 5,000 ஆய்வகங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி 1,342 தொற்றுகளைத் திரட்டினார்கள். அவற்றில் இன்ன விபத்தால் வந்தது என்று சுட்டிக்காட்ட முடிந்தவை 16 சதவீதம்தான். 1976-இல் பைக் அந்தப் பட்டியலை 3,921 தொற்றுகளாக விரித்தபோதும் விபத்துகளின் பங்கு 20 சதவீதத்தை எட்டவில்லை. மற்றவர்கள் எல்லாம் வழக்கமான வேலையை வழக்கம்போலச் செய்துகொண்டிருந்தவர்கள்.

அந்தப் பட்டியலின் தலையில் இருந்தது புருசெல்லா: 426 பேர். அடுத்தது க்யூ காய்ச்சல், 280 பேர். முதல் ஐந்து இடங்களுக்குள் துலாரீமியாவும் உண்டு. மூன்றும் விலங்குகளிடமிருந்து வரும் பாக்டீரியா நோய்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இவை எளிதில் பரவுவதில்லை. ஆனால் மூச்சுக்காற்றோடு உள்ளே போனால் மிகச் சொற்ப எண்ணிக்கையே போதும் என்பது இவற்றின் பொதுக் குணம். ஆய்வகப் பாதுகாப்பு விதிகளில் எது அளந்து அறிந்தது, எது பழக்கத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்க நினைப்பவருக்குப் புருசெல்லாவை விட நல்ல சோதனைக்கல் இல்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதையே சுற்றி வரும்.

மாட்டுக்குக் கன்று வீச்சு நோயைத் தருவது இந்தக் கிருமி. மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, மாதக்கணக்கில் அடித்துப் போட்டாற்போன்ற அசதி. 1887-இல் மால்டா தீவில் இறந்த பிரிட்டிஷ் படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் இதைப் பிரித்தெடுத்தார். நோய் ஆட்டுப்பால் வழியாக வருகிறது என்பதைக் கண்டறிய 1905 வரை ஆயிற்று. தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அது வெளிப்பட்டது. மாட்டுக் கிருமியும் ஆட்டுக் கிருமியும் நெருங்கிய உறவு, காய்ச்சாத பசும்பாலும் ஆபத்து என்று 1918-இல் எழுதியவர் ஆலிஸ் எவான்ஸ். பால் வியாபாரிகளும் சக ஆய்வாளர்களும் அவரை நம்பவில்லை. 1922-இல் ஆய்வகத்திலேயே அவருக்குத் தொற்றியது. சில காலம் மருத்துவர்கள் அதை நரம்புத் தளர்ச்சி என்றே எண்ணினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தக் காய்ச்சல் அவருக்கு வந்துவந்து போயிற்று. புருசெல்லாவைப் படித்தவர்களின் வரலாறு அந்த நோய் கண்டவர்களின் வரலாறும்கூட.

விபத்தே இல்லாமல் எப்படித் தொற்றுகிறது? இதை ஊகிக்காமல் அளந்து பார்த்தவர்கள் மேரிலாந்தின் டெட்ரிக் முகாமில் இருந்தார்கள். அது அமெரிக்காவின் கிருமி ஆயுத ஆராய்ச்சிக் கூடம். ஆய்வகப் பணியாளரைக் காப்பாற்றும் அறிவில் கணிசமான பங்கு ஆயுதம் செய்ய முனைந்தவர்களிடமிருந்து வந்திருக்கிறது என்பது இந்தத் துறையின் சங்கடங்களில் ஒன்று. அங்கே பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஆர்னால்ட் வெடமும் அவருடைய குழுவினரும் 1950-களில் செய்தது எளிமையான வேலை. சிவப்பு நிறத்தில் வளரும், அன்று தீங்கற்றது என்று கருதப்பட்ட செராஷியா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு, ஆய்வகத்தில் தினமும் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் செய்தார்கள். பக்கத்தில் காற்றை உறிஞ்சி வளர்ப்புத் தட்டின் மேல் பாய்ச்சும் கருவியை வைத்தார்கள். மறுநாள் எத்தனை சிவப்புப் புள்ளிகள் என்று எண்ணினார்கள்.

பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதி வெளியேற்றும்போது நுனியில் ஒரு குமிழி உடைகிறது. அதிலிருந்து துளிகள் கிளம்புகின்றன. தீயில் காட்டிய கம்பி லூப் ஆறுவதற்குள் கிருமிக் கரைசலில் தொட்டால் 'சுர்' என்ற சத்தத்தோடு தெறிக்கிறது. குலுக்கிய குழாயின் மூடியை உடனே திறந்தாலும், உலர்பொடி வைத்த கண்ணாடி ஆம்பூலை உடைத்தாலும் இதே கதைதான். திசுவை அரைக்கும் பிளெண்டரின் மூடியை ஓடி நின்றவுடன் திறப்பது எல்லாவற்றையும் விட மோசமான காரியங்களில் ஒன்று. இப்படிக் கிளம்பும் துளிகளில் பெரியவை மேசையில் விழுந்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறியவை நொடியில் உலர்ந்து, காற்றில் நெடுநேரம் மிதந்து, நுரையீரலின் அடி வரை போகும். கண்ணுக்குத் தெரியாது, தோலில் படாது, யாருக்கும் நினைவிலும் இருக்காது. பைக்கின் பட்டியலில் விபத்து என்று குறிக்க முடியாமல் போன பெரும்பகுதிக்கு இதுவே மிகப் பொருத்தமான விளக்கம்.

இதற்கு ஒரு மறுப்பும் சொல்லலாம். புருசெல்லா உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்; சில சமயம் ஆறு மாதம் வரை இழுக்கும். அத்தனை நாளுக்கு முன் நடந்த சிறு சிந்தலை யார் நினைவு வைத்திருப்பார்? ஆகவே விபத்துகள் மறக்கப்பட்டிருக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சிந்தியதே நினைவில் தங்காத அளவுக்கு அது அன்றாடமாகிவிட்டது என்றால், அதை விபத்து என்று தனியாகப் பிரிப்பதில் பொருளில்லை.

மருத்துவமனை ஆய்வகத்தில் இது நடக்கும் விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். காரணம் தெரியாத காய்ச்சல் என்று வார்டிலிருந்து பிளட் கல்ச்சர் பாட்டில் வருகிறது. சீட்டில் வயது, வார்டு எண், 'காய்ச்சல்' என்ற ஒரு சொல், அவ்வளவுதான். பாட்டிலில் ஏதோ வளர்கிறது என்று கருவி ஒலிக்கிறது. தட்டில் விதைத்தால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று நாள் கழித்துக் குண்டூசி முனை அளவில் பனித்துளி போன்ற வளர்ச்சி. சாயமேற்றிப் பார்த்தால் மெலிந்த சிவப்பில் நுண்மணல் தூவியதுபோல் கிருமிகள். அனுபவம் உள்ளவர் இங்கேயே நிறுத்திவிடுவார். மற்றவர் அடுத்த சோதனைக்குப் போவார்: வளர்ச்சியில் கொஞ்சம் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு. நுரைத்துப் பொங்குகிறது, காட்டலேஸ் பாசிட்டிவ். அந்த ஒவ்வொரு குமிழியும் உடையும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் டெட்ரிக்கில் எண்ணியிருந்தார்கள். தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கம் உள்ளவர்களும் இன்னும் இருக்கிறார்கள். வாசனையை வைத்தே கிருமியைச் சொல்லிவிடுவது ஒரு காலத்தில் கைதேர்ந்தவர்களின் பெருமையாக இருந்தது. புருசெல்லா விஷயத்தில் அந்தப் பெருமை வேண்டவே வேண்டாம்.

அமெரிக்க மருத்துவமனை ஆய்வகங்களில் 2002 முதல் 2004 வரையிலான தொற்றுகளை பேரன், மில்லர் இருவரும் விசாரித்து 2008-இல் வெளியிட்டார்கள். நுண்ணுயிரியல் பணியாளர்களிடையே புருசெல்லா நோய் லட்சத்துக்கு 641, பொதுமக்களிடையே 0.08. தாமாக முன்வந்து பதில் தந்த ஆய்வகங்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் இடைவெளி ஆயிரக்கணக்கான மடங்கு என்னும்போது, கணக்கில் பாதி தவறினாலும் முடிவு மாறாது.

அதற்கு ஓராண்டு முன் தற்செயலாக ஒரு பெரிய சோதனையே நடந்துவிட்டது. ஆய்வகங்களின் திறனைச் சோதிக்க அவ்வப்போது பெயர் சொல்லாத மாதிரிகளை அனுப்புவது வழக்கம். 2007-இல் அப்படி அமெரிக்காவிலும் கனடாவிலும் அனுப்பிய ஒன்றில் ஆர்பி-51 என்ற மாட்டுத் தடுப்பூசிப் புருசெல்லா இருந்தது. வீரியம் குறைந்த வகை, என்றாலும் உயிருள்ளது. கிருமியை வெளியே விடாமல் காக்கும் பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். 254 ஆய்வகங்களில் 916 பேர் அதன் எதிரே பாதுகாப்புக் குறைவாக நின்றிருந்தார்கள் என்று பின்னர் தெரிந்தது. அவர்களில் 679 பேர் அதிக ஆபத்து வகை. யாருக்கும் நோய் வரவில்லை. தேர்வு என்று தெரிந்தே, நல்ல வசதி உள்ள இடங்களில் நடந்தது இது. வெள்ளிக்கிழமை மாலை வேலை குவிந்து கிடக்கும் சாதாரண ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்று இதற்குமேல் ஊகிக்க வேண்டியதில்லை.

தானியங்கிக் கருவிகள் வந்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே அவை சிக்கலைக் கூட்டவும் செய்திருக்கின்றன. பழைய உயிர்வேதிச் சோதனைப் பட்டைகள் புருசெல்லாவை மொராக்செல்லா என்று சொன்னதுண்டு. கிருமியை இனங்காணும் இன்றைய மால்டி-டாஃப் கருவிகள், தரவுத்தொகுப்பில் புருசெல்லா இல்லாதபோது, அதன் உறவான ஆக்ரோபாக்ட்ரம் என்று சொல்கின்றன. ஆக்ரோபாக்ட்ரம் பெரிதாகத் தீங்கு செய்யாதது. கேட்டவர் நிம்மதியாக திறந்த மேசையில் வேலையைத் தொடர்வார். 2020-இல் வகைப்பாட்டியலாளர்கள் மரபணு ஒற்றுமையைக் காட்டி ஆக்ரோபாக்ட்ரத்தைப் புருசெல்லா பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். மருத்துவ நுண்ணுயிரியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மரபணு மரத்தில் அது சரியாக இருக்கலாம். வேலை மேசையில் அது குழப்பம். என் சார்பு எதிர்த்தவர்கள் பக்கம்.

இப்போது விதிகளுக்கு வருவோம். புருசெல்லா பத்து முதல் நூறு கிருமிகள் மூச்சில் போனாலே நோய் தரும் என்று ஏறக்குறைய எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. மனிதரில் யாரும் அளந்து பார்த்து வந்த எண் அல்ல அது. விலங்குச் சோதனைகளும் வல்லுநர் மதிப்பீடும் சேர்ந்தது. பொய் என்று சொல்ல வரவில்லை. அதன் மேல் கட்டப்பட்டிருக்கும் மாடிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அஸ்திவாரம் சற்று ஒல்லி. 2008-இல் கிம்மன் உள்ளிட்ட நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூவர் 'ஆதாரம் சார்ந்த உயிரியல் பாதுகாப்பு' என்று எழுதிய மதிப்பாய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. உயிரியல் பாதுகாப்பு நிலை ஒன்று முதல் நான்கு வரை கட்டடத்துக்குக் கட்டடம் செலவு ஏறுகிறது. ஒவ்வொரு படியும் எவ்வளவு பாதுகாப்பைக் கூட்டுகிறது என்பதற்கு அளந்த சான்று குறைவு என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தன் கையேட்டின் நான்காம் பதிப்பை வெளியிட்டபோது, கிருமியின் பெயரைப் பார்த்துக் கட்டடத்தை முடிவு செய்யும் பழைய முறையைத் தளர்த்தி, செய்யப்போகும் வேலையின் ஆபத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னது. ஒரே புருசெல்லா, ரத்தத்தில் எதிரணுச் சோதனை செய்பவருக்கு ஒரு வகை. லிட்டர் கணக்கில் வளர்ப்பவருக்கு முற்றிலும் வேறு வகை. பின்னர் விலங்கு சுகாதாரத்துக்கான உலக அமைப்பும் சேர்ந்து ஒவ்வொரு கிருமிக்கும் எங்கெல்லாம் சான்று இல்லை என்று தேடியதில் அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்) புருசெல்லாவும் ஒரே கட்டுரையில் இடம்பெற்றன.

அவற்றை இணைத்துப் படிப்பது பயனுள்ளது, ஏனென்றால் ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது. எழுபது சதவீத ஆல்கஹால் புருசெல்லாவை எளிதில் கொல்லும். அடைப்பான் கிருமியின் வித்துக்கு அது ஒன்றுமே செய்யாது. மேசையில் இருக்கும் அதே ஸ்பிரிட் பாட்டில் ஒரு நாள் கவசம், மறுநாள் வெறும் சடங்கு. 2014 ஜூனில் அட்லான்டாவில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஓர் உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில் இதற்கு நேரடி விளக்கம் கிடைத்தது. ஃபார்மிக் அமிலத்தில் பத்து நிமிடம் வைத்து அடைப்பான் கிருமியைச் செயலிழக்கச் செய்தார்கள். புருசெல்லாவுக்குப் பயன்பட்ட செய்முறை அது. செத்துவிட்டதா என்று பார்க்கும் தட்டை 24 மணி நேரம் வைத்தார்கள், வளர்ச்சி இல்லை. மாதிரிகள் பாதுகாப்புக் குறைந்த மற்ற ஆய்வகங்களுக்குப் போயின. தட்டுகளை அழிக்க எடுத்துப் போனால் ஆட்டோகிளேவ் கதவு திறக்கவில்லை. திரும்ப இன்குபேட்டரில் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு தட்டில் கிருமி வளர்ந்திருந்தது. சுமார் 80 பணியாளர்கள் மருந்தும் கண்காணிப்புமாக அலைய நேர்ந்தது. யாருக்கும் நோய் வரவில்லை. கதவு ஒழுங்காகத் திறந்திருந்தால் இந்தச் சங்கதி வெளியே வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

வீரியம் நீக்கிய கிருமி என்ற உறுதிமொழியும் எல்லாருக்கும் ஒன்றாக வேலை செய்வதில்லை. 2009-இல் சிகாகோவில் ஓர் ஆய்வாளர், இரும்பைக் கவரும் திறன் நீக்கப்பட்ட பிளேக் கிருமியோடு பணிபுரிந்து, அதனாலேயே இறந்தார். இரும்பு உடலில் அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் கோளாறு அவருக்கு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. கிருமியிடம் இல்லாததை உடல் கொடுத்திருக்கிறது. ஆபத்து மதிப்பீட்டில் கிருமிக்கு எழுதும் பக்கங்களில் ஒன்றையாவது அதைக் கையாளுபவரின் உடலுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சொல்ல இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

சுவர்களுக்கு வெளியே தப்பிய கதைகளும் உண்டு. 1938-39 குளிர்காலத்தில் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் புருசெல்லா ஆராய்ச்சி நடந்த கட்டடத்தில் 45 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். பெரும்பாலோர் அங்கே வெறுமனே வகுப்புக்கு வந்துபோன மாணவர்கள். விசாரித்தவர்கள் குடிநீர்க் குழாயில் கலந்தது என்று எழுதினார்கள். பின்னால் வந்த பாதுகாப்புப் புத்தகங்கள் சென்ட்ரிஃபியூஜிலிருந்து கிளம்பிய நுண்துளி என்று சொல்கின்றன. ஒரே நிகழ்ச்சி இரண்டு பாடங்களுக்கு உதாரணமாகிவிட்டது. 2010 டிசம்பரில் சீனாவின் ஹார்பினில் வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் அறுத்துப் படித்த ஆடுகள் தனிமைப்படுத்திச் சோதிக்கப்படாதவை. 27 மாணவர்களும் ஓர் ஆசிரியருமாக 28 பேருக்கு நோய். 2019 ஜூலை, ஆகஸ்டில் லான்ஜோ நகரில் விலங்குத் தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. நொதிகலனின் கழிவுக்காற்று சுத்தமாகாமல் வெளியேறி, காற்று வீசிய திசையில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மீது படிந்தது. 2020 முடிவதற்குள் ரத்தச் சோதனையில் நேர்மறை வந்தவர்கள் 10,000-க்கும் மேல். நேர்மறை வந்த அனைவரும் நோயாளிகள் ஆகிவிடுவதில்லை. ஆனாலும் ஒரு தேதி தாண்டிய கிருமிநாசினிக்கு இது பெரிய விலை.

இப்படி ஒன்று நடந்தால் அது வெளியே வரும்படி இருக்கிறதா என்பதே இந்தத் துறையின் மிகப் பெரிய ஓட்டை. 2006 பிப்ரவரியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நுண்துளிச் சோதனைக் கலனைச் சுத்தம் செய்யத் தலையை உள்ளே விட்ட பணியாளருக்குப் புருசெல்லா தொற்றியது. சட்டப்படி உடனே அறிவித்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் கழித்து, வெளியார் ஆவணங்களைத் துருவிய பிறகுதான் தகவல் போயிற்று. 2008-இல் பல்கலைக்கழகம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. மறைத்ததற்குத் தண்டனை சரி. ஆனால் தொற்று வந்ததற்கே தண்டனை என்று பணியாளர்கள் புரிந்துகொண்டால், அடுத்த தொற்று பதிவேட்டுக்கே வராது. பைக் 1976-இல் கேள்வித்தாள்களையும் கடிதங்களையும் நம்பிப் பட்டியல் போட்டார். அரை நூற்றாண்டு கழித்தும் நாம் பெரும்பாலும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊர் ஆய்வகங்களுக்கு இந்தச் சான்றுகள் சொல்வது பெரிய செலவுள்ள செய்தி அல்ல. முதலில் 'லேமினார்' என்ற ஒரே பெயரில் நாம் அழைக்கும் இரண்டு பெட்டிகள். ஒன்று பயோசேஃப்டி கேபினெட். முன்புறக் காற்றுத் திரை கிருமியை உள்ளேயே நிறுத்தும்; காற்று மட்டும் வடிகட்டி வழியாக வெளியேறும். மற்றது கிடைமட்டமாகக் காற்றை வீசும் சுத்த மேசை. மாதிரியைத் தூசியிலிருந்து காக்கும், மாதிரியில் உள்ளதை நேராக நம் முகத்தில் வீசும். செடித் திசு வளர்க்க நல்லது. சந்தேகமான காய்ச்சல் மாதிரிக்கு அதன் முன்னால் உட்காருவதை விட திறந்த மேசையே மேல். சரியான கேபினெட்டாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை காற்றோட்டத்தை அளக்காவிட்டால் அது வெளிச்சம் வரும் இரும்பு அலமாரி.

அடுத்தது சீட்டு. மாடு, ஆடு வளர்ப்பவரா, கறிக்கடையில் வேலையா, கன்று ஈனும்போது உதவினாரா, காய்ச்சாத பால் குடித்தாரா என்று வார்டில் கேட்டு ஒரு வரி எழுதினால் போதும். ஆய்வகத்தில் பாட்டில் திறக்கப்படும் இடமே மாறிவிடும். கிருமிக்குப் பெயர் தெரிவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்தான் ஆபத்தான நாட்கள் என்று எல்லாச் சான்றும் சொல்லும்போது, அந்த நாட்களுக்கு உள்ள ஒரே முன்னறிவிப்பு இந்த ஒரு வரி. இரண்டு நாளில் மெதுவாக வளரும் சிறு கிருமி என்றால் மூடியை ஒட்டி, கேபினெட்டுக்குள் கொண்டுபோய், கருவியில் ஏற்றாமல் மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்ற வழக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

தொட்டாயிற்று என்றால் என்ன செய்வது என்பதில் மற்ற இடங்களைவிடச் சான்று தெளிவாக இருக்கிறது. 2013-இல் டிராக்ஸ்லர் குழுவினர் வெளியான குறிப்புகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் புருசெல்லாவுக்கு ஆளாகியிருக்கக்கூடிய 167 பணியாளர்களில் 71 பேருக்கு நோய் வந்திருந்தது. அதிக ஆபத்து வகையினருக்கு வாய்ப்பு ஒன்பது மடங்கு. முன்கூட்டியே மருந்து எடுத்தவர்களிடம் நோய் மிக அரிது. நோய் வந்தவர்களைப் பற்றித்தான் கட்டுரை எழுதுவார்கள் என்பதால் 71 என்ற பங்கு மிகையாக இருக்கும். மருந்தின் பலன் குறித்த முடிவு அதனால் பெரிதும் மாறாது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இருவேளை, ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம் ஒருவேளை, மூன்று வாரம். ரத்தச் சோதனை அன்றே ஒன்று, பிறகு 6, 12, 18, 24-ஆம் வாரங்களில். முதல் நாள் ரத்தம் எடுக்காவிட்டால் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் சொல்ல முடியாது. அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான்.

ஆய்வகத்துக்கு வெளியே இதே ஆபத்தில் இருப்பவர்கள் கால்நடை மருத்துவர்களும் தடுப்பூசி போடுபவர்களும். இந்தியாவில் 2019-இல் தொடங்கிய தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் புருசெல்லா ஊசி போடப்படுகிறது. பரவலாகப் பயன்படும் எஸ்-19 உயிருள்ள தடுப்பூசி. துள்ளும் கன்றைப் பிடித்துக்கொண்டு போடும்போது ஊசி கையில் குத்துவதும், மருந்து கண்ணில் தெறிப்பதும் சகஜம். கையைக் கழுவிவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விடுவார்கள். மேலே சொன்ன மூன்று வார மருந்து இவர்களுக்கும் உரியது. ஆனால் ஆர்பி-51 வகை ரிஃபாம்பிசினுக்கு அடங்காது. அது குத்தினால் வேறு மருந்து சேர்க்க வேண்டும். ஆகவே மருத்துவரிடம் போகிறவர் தடுப்பூசிப் புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.